நோன்பும் நோயும்: உண்ணாத பெண்ணுடலின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

நம் பக்கத்தில் உண்ணாமல் இருப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. உண்ணாமல் இருந்த பெண்களுக்கு அப்படியொரு வரலாறு எழுதப்படவில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றுப் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்கிற சமண ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்று உயிர்விட்டதை அது பதிவு செய்கிறது. ‘ஐ’ என்ற எழுத்தின் பழைய வடிவம் அதில் கிடைக்கிறது என்பதால் எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு அது ஒரு தேர்வுக் கேள்வி. அதே குன்றில் இன்னொரு கல்வெட்டு: இளையபடாரர், 30 நாள். நாளை எண்ணி, பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சங்கப் பாட்டிலும் இப்படித்தான். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், பிசிராந்தையார் வந்து சேர்ந்தார், புலவர்கள் கூடி நின்று பாடினார்கள். ஆண் சோற்றை விட்டால் அது நிகழ்ச்சி. அதற்குத் தேதி உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு.

பெண் சோற்றை விட்டதற்கும் புறநானூற்றில் இடம் இருக்கிறது, கைம்மை என்ற பெயரில். பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும்முன் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டில் கைம்பெண்ணின் தட்டில் என்ன இருந்தது என்ற விவரம் துல்லியமாக வருகிறது: நெய் கிடையாது, பிழிந்தெடுத்த பழஞ்சோறு, எள்ளுத் துவையல், வேளைக்கீரை, படுக்கப் பருக்கைக்கல். இதைவிட நெருப்பே மேல் என்கிறாள் அவள். அந்தச் சாப்பாட்டை யாரும் நாள் எண்ணவில்லை. ஆயுள் முழுக்க நீளுகிற ஒன்றை எண்ணிப் பயனில்லை என்று நினைத்திருப்பார்கள் போல. குறைவாய்த் தின்பது பெண்ணின் இயல்பாகவே கட்டமைக்கப்பட்ட இடத்தில் ஒருத்தி உண்மையாகவே தின்பதை நிறுத்தினால், அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகும்?

எனக்குத் தெரிந்த ஒருத்தியின் விஷயத்தில் பதினான்கு மாதம் ஆயிற்று. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அவள்தான் காரணம். மாகறல்காரி, என் தோழி. அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே பதினாறு கிலோமீட்டர் அளவில், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர் மாகறல். சம்பந்தர் பாடிய தலம். அப்பா தறியில் உட்கார, பக்கத்தில் கோர்வை போட உட்கார்ந்து வளர்ந்தவள் அவள். கோர்வைப் புடவை ஒற்றை ஆளால் ஆகாது. உடலுக்கும் பேட்டுக்கும் நிறம் மாறும்போது மறுபக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். கூலி புடவைக்கு உண்டு, கோர்வை போடுகிற பிள்ளைக்கென்று தனியாக இல்லை. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் வருகிறது. வீட்டுக்குள்ளேயே நடக்கிற உழைப்பை அளப்பதற்குத்தான் இன்னும் நமக்குக் கோல் கிடைக்கவில்லை.

அவள் முதலில் விட்டது இரவுச் சோறு. பிறகு செவ்வாய், வெள்ளி. பிறகு சஷ்டி, பிரதோஷம், கிருத்திகை, ஏகாதசி. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் சாப்பிடாமலிருக்க மாதத்தில் பாதி நாளுக்குக் காரணம் கிடைத்துவிடும். அம்மா பெருமைப்பட்டார். ‘எம் பொண்ணு மாதிரி விரதம் இருக்க ஆளில்ல’ என்று தெருவில் சொன்னார். வரன் பார்க்க வந்தவர்கள் முன்பு ஒருமுறை ‘கொஞ்சம் பூசினாப்பல இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அவள் ஒரு தடவைகூட ‘குண்டாயிடுவேன்’ என்று சொன்னதில்லை. சோறு இறங்கல, நெஞ்சிலயே நிக்குது, வயிறு கல்லு மாதிரி இருக்கு — இவ்வளவுதான். மாதவிலக்கு நின்றது. சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு படுத்தாள். கையில் பூனைமயிர் போல மெல்லிய ரோமம். தலைமுடி கொத்தாய்க் கொட்டியது. வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் பரிமாறி, மறுசோறு வைத்துக் கட்டாயப்படுத்துகிறவளும் அவள்தான்.

இதற்கு மேற்கில் பெயர் வைத்த கதை சற்று விசித்திரமானது. 1689இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் உருக்கிநோய்கள் பற்றி எழுதிய நூலில், காய்ச்சலோ இருமலோ இல்லாமல் எலும்பாய் உருகிப்போன ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணை விவரித்தார். 1873இல் பாரிஸில் லஸேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைத் தனி நோயாக அறிவித்தார்கள். ‘அனோரெக்ஸியா நெர்வோஸா’ என்பது கல் வைத்த பெயர். பெயரே தப்பு என்று இன்று சொல்கிறார்கள். அனோரெக்ஸியா என்றால் பசியின்மை. இந்தப் பெண்களுக்குப் பசி இருக்கிறது, பசியோடு மல்லுக்கட்டுகிறார்கள். அளவுமீறித் தின்று பின் வாந்தியெடுக்கிற வகைக்கு 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் ‘புலீமியா’ என்று பெயரிட்டார்.

கல் தன் கட்டுரையோடு ‘மிஸ் ஏ’ என்ற பெண்ணின் படங்களையும் வெளியிட்டார். புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியவை. முதலில் எலும்பும் தோலும், பிறகு தேறி உருண்ட முகம். கல் அரச குடும்பத்து மருத்துவர். வேல்ஸ் இளவரசருக்கு வைத்தியம் பார்த்துப் பட்டம் வாங்கியவர். படம் வந்த வருஷம் 1874. இரண்டே வருஷத்தில், 1876இல், அதே பேரரசின் சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம் தொடங்குகிறது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கிறார்கள். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள் இங்கே வந்து, பஞ்ச நிவாரண வேலைக்கு வருகிற ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைக்கிறார். இது உயிர் தரிக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். பட்டாள அதிகாரி ஹூப்பர் பஞ்சத்தில் அடிபட்டவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் பிடித்தார். எலும்பும் தோலும்தான், ஆனால் அங்கே ‘முன்’ படம் மட்டும் உண்டு, ‘பின்’ படம் கிடையாது. ஒரு மெலிந்த உடல் ஆளுமையாக, நோயாளியாக, ஓர் எழுத்தால் குறிக்கப்பட்ட தனிநபராக ஆகிறது. இன்னொரு மெலிந்த உடல் கூட்டமாகிறது, எண்ணிக்கையாகிறது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் உண்ணா நோயின் வரலாற்றை நம்மால் எழுத முடியாது என்று எனக்குப் படுகிறது. ‘இது பணக்கார வீட்டு வெள்ளைக்காரப் பெண்களின் வியாதி, சோற்றுக்கு அலைகிற நம்மூரில் ஏது’ என்று இன்றைக்கும் சொல்கிற தோழர்களின் வாக்கியத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

உண்மையில் இங்கே ஏது என்று தேடியவர்கள் இருக்கிறார்கள். 1995இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. தில்லியில் கண்டேல்வாலும் அவருடைய சகாக்களும் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, கடுமையான எடையிழப்பு, மாதவிலக்கு நின்றுபோதல் எல்லாம் இருந்தன. மேற்கத்திய நூல்கள் வற்புறுத்துகிற உடலுருவக் குழப்பமும் ஓயாத உடற்பயிற்சியும் இல்லை. சென்னையில் சீனிவாசன், சுரேஷ் ஆகியோர் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து, நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் உணவைச் சுற்றி ஒருவித அவதி இருப்பதைக் கண்டார்கள். முழு நோய் என்று சொல்ல முடியாத அந்த நிலைக்குத் தனிப்பெயரும் கொடுத்தார்கள். 2007இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளின் பதிவேடுகளைப் புரட்டியபோது, உண்ணல் கோளாறுகளில் மிகப்பெரும்பான்மை மனக்காரண வாந்தியாக இருந்தது. அனோரெக்ஸியா சிறு பங்குதான். ஹாங்காங்கில் சிங் லீ இதைப் பல வருஷம் வலியுறுத்தினார்: அங்கே வந்த பெண்களில் பலர் ‘பருத்துவிடுவோம்’ என்ற அச்சத்தைச் சொல்லவில்லை, வயிறு உப்புசம், பசியில்லை என்றார்கள், அச்சத்தைச் சொன்னால்தான் நோய் என்ற வரையறை மேற்கின் வரையறை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு திருத்தப்பட்டபோது அந்த அச்சத்தை வாயால் சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தினார்கள். எடை கூடவிடாத நடத்தையே போதும் என்று ஆயிற்று.

தொலைக்காட்சிதான் காரணம், அழகிப்போட்டிதான் காரணம் என்ற விளக்கமும் உண்டு. ஃபிஜித் தீவில் 1995இல் தொலைக்காட்சி வந்து மூன்று வருஷத்தில், எடையைக் குறைக்க வாந்தியெடுக்கும் பள்ளி மாணவிகள் பூஜ்யத்திலிருந்து நூற்றுக்குப் பதினொன்றானதை ஆன் பெக்கர் காட்டினார். மறுப்பதற்கில்லை. ஆனால் சாட்டிலைட் சேனல் மேல் பழியைப் போட்டுவிட்டால் பஞ்சாங்கம் தப்பித்துக்கொள்ளும்.

நாம் காரைக்கால் அம்மையாரிடம் வந்தாக வேண்டும். காஞ்சியிலிருந்து வடக்கே போனால் திருவாலங்காடு. தமிழ்ப் பெண் கவிகளில் தன் மெலிந்த உடலைத் தானே எழுதியவர் அவர். மூத்த திருப்பதிகத்தில் வற்றிப்போன ஒரு பெண்பேயை உறுப்பு உறுப்பாக வரைந்துகாட்டுகிறார். அந்தச் செப்புச் சிலைகளில் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: விலா எலும்பு துருத்த, தாளம் தட்டிக்கொண்டு, சிரிக்கிறார். இத்தாலியப் புனிதைகளை ருடால்ஃப் பெல் 1985இல் ‘புனித அனோரெக்ஸியா’ என்று படித்ததுபோல அம்மையாரையும் நோயாளி ஆக்கிவிடலாம். 1380இல் முப்பத்துமூன்று வயதில் சாப்பிடாமல் செத்த சியன்னா கேத்தரினுக்கும் பெல் அதைத்தான் செய்தார். எனக்கு அதில் சம்மதமில்லை. கேரலைன் பைனம் 1987இல் எழுதியது இன்னும் உதவுகிறது. இடைக்காலப் பெண்ணிடம் சொத்து இல்லை, பதவி இல்லை; அவள் கையில் இருந்தது அடுப்பு. எது தன் கையில் இருக்கிறதோ அதைத்தானே துறக்க முடியும்?

இதை வைத்துக்கொண்டு சேக்கிழாரைத் திரும்பப் படியுங்கள். புனிதவதியின் கதை ஒரு மாங்கனிக் கணக்கில் தொடங்குகிறது. கணவன் இரண்டு பழம் அனுப்புகிறான். ஒன்றை அவள் பசித்து வந்த அடியாருக்குப் போடுகிறாள். மற்றதைத் தின்ற கணவன், அடுத்ததையும் கொண்டுவா என்கிறான். வீட்டுச் சோற்றில் ஒரு பழத்தைத் தன் விருப்பப்படி கொடுக்கக்கூட மனைவிக்கு உரிமையில்லை, தெய்வம் வந்து இழப்பீடு கொடுத்தால்தான் தப்பிக்க முடியும் என்கிற நெருக்கடி அது. கணவன் பயந்து கப்பலேறி, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். அதற்குப் பிறகுதான் அவள் உடம்பை உதறுகிறாள்: இந்தத் தசை அவனுக்காகச் சுமந்தது, இனி வேண்டாம். அழகு கணவனின் சொத்து என்ற ஏற்பாட்டை அவள் மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அவள் பட்டினி கிடந்ததாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. வரமாகக் கேட்டு, ஒரே கணத்தில் உதறுகிறாள். பட்டினிக்கு நாள் ஆகும், அலுப்பும் குளிரும் மலச்சிக்கலும் உண்டு. புராணத்துக்கு அதெல்லாம் கிடையாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோழியின் நிலையை நான் சொன்னபோது எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர், நல்ல வாசகர், ‘இது உடலின் மறுப்பு, அம்மையார் மரபு, ஆணாதிக்கச் சொல்லாடலுக்குள் அவள் எழுதுகிற எதிர்ப்பிரதி’ என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிரதி என்று அவர் சொன்ன அதே வாரம் அவளுடைய ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக் கிடந்தது. திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால் அப்படி ஆகும். இதயத் துடிப்பு தப்பும். தூக்கத்திலேயே நின்றும் போகலாம். மனநோய்களில் உயிர்ப்பலி மிக அதிகமாக உள்ளவற்றுள் இது ஒன்று. எதிர்ப்பு என்று படிக்கிறோமே, எதிர்க்கப்படுகிறவர்களுக்கு இதில் என்ன நட்டம்? அம்மாவுக்குப் புண்ணியம், அப்பாவுக்குச் சோற்றுச் செலவு மிச்சம்.

அரசியல் உண்ணாநோன்புகளில் ஊறியவர்கள் நாம். 1952இல் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு, 1956இல் விருதுநகரில் சங்கரலிங்கனார், 1987இல் நல்லூரில் திலீபன், 1988இல் மட்டக்களப்பில் அன்னை பூபதி. பட்டினியைக் கண்டால் கைகூப்பப் பழகிவிட்டோம். ஐரோம் ஷர்மிளா 2000இலிருந்து 2016வரை மூக்குக் குழாயில் உயிர் வைத்திருந்தார். நிறுத்துகிறேன், தேர்தலில் நிற்கிறேன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவர் சொன்னதும் கொண்டாடியவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். 2017 தேர்தலில் அவருக்கு விழுந்த ஓட்டு 90. பட்டினி கிடக்கிற பெண்ணை நமக்குப் பிடிக்கும். சாப்பிட ஆரம்பித்தவளை என்ன செய்வதென்று தெரியாது.

மணிமேகலைக்காரருக்கு இது தெரிந்திருந்ததோ என்னவோ. விருச்சிகன் என்ற முனிவன் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரே நாவற்கனி தின்கிறவன். வழிப்போக்கில் காயசண்டிகை தெரியாமல் அந்தக் கனியை மிதித்துவிடுகிறாள். இவன் நோன்பு கெட்டதற்கு அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் யானைத்தீ, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து ஒரு கவளம் விழுந்ததும் பசி தீர்கிறது. தீர்ந்தவள் வீடு திரும்புகிற வழியில் விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகை அவளை நிழல்வழி இழுத்து வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். குணமானவளைக் காவியம் தின்றுவிடுகிறது. மணிமேகலை பாத்திரத்தோடு காஞ்சிக்கு வந்து பஞ்சத்தைத் தீர்த்துவிட்டு, கடைசியில் அவளும் நோற்கப் போய்விடுகிறாள். ஊருக்கெல்லாம் போட்டவள் என்ன சாப்பிட்டாள் என்று சாத்தனார் சொல்லவில்லை.

மாகறல் தலபுராணத்தில் ஒரு பலாமரம் வருகிறது. நாளுக்கொரு கனி காய்க்கும் மரம். அரசன் கட்டளைப்படி ஊர்க்காரர்கள் அதைத் தினமும் சிதம்பரத்துக்குச் சுமக்கவேண்டும். சுமந்து வெறுத்துப்போன ஒரு சிறுவன் மரத்தையே கொளுத்திவிட்டான் என்று கதை. தோழியின் அம்மாவிடம், கோயிலில் நாற்பத்தெட்டு நாள் சம்பந்தர் பதிகம் படியுங்கள், வினை தீரும் என்றார்கள். படித்தார்கள். இன்னொருவர் பேய் என்றார். ஓர் ஆங்கில மருத்துவர் ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, குடலில் ஒன்றுமில்லை, கல்யாணம் பண்ணி வையுங்கள் என்றார். சித்த வைத்தியர் அரோசகம் என்று சொல்லி லேகியம் கொடுத்தார். பெயராவது வைத்தாரே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வழியைத் திறந்தது ஒரு பழைய ஆராய்ச்சி. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான். அந்த ஆண்கள் நாள்முழுக்கச் சோற்றையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் படித்தார்கள், தட்டில் உள்ளதை மணிக்கணக்கில் பிசைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், யாரோடும் ஒட்டவில்லை. பட்டினியே மனத்தை இப்படி ஆக்கும். பட்டினி கிடக்கிறவளிடம் நியாயம் பேசி அவள் மனத்தை மாற்ற முடியாது. கொஞ்சம் சோறு இறங்கினால்தான் பேச்சே காதில் விழும். அவளுக்கு இதைச் சொன்னேன். தான் எல்லோருக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்ததை அந்த ஆண்கள் செய்ததோடு வைத்துப் பார்த்துச் சிரித்தாள். ‘அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல, பசி’ என்றாள். அடுத்த வாரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு என்னோடு பஸ் ஏறினாள்.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு தோழியோ தங்கையோ மாணவியோ உள்ளவர்கள் இருக்கக்கூடும் என்பதால் அங்கே கற்றதைச் சொல்கிறேன். உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது. ‘இளைச்சிட்டே’ மட்டுமல்ல, தேறும்போது ‘இப்பத்தான் பாக்க நல்லாருக்கே’ என்பதும் விஷம். தட்டை எட்டிப்பார்ப்பது, வாயில் ஊட்டுவது, குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று உளவு பார்ப்பது, ‘சோறில்லாம எத்தனை பேர் சாவறான்’ என்று பஞ்சத்தைக் காட்டுவது எல்லாம் அவளை இன்னும் உள்ளே தள்ளும். நீ மயங்கி விழுந்தது எனக்குப் பயமாக இருக்கிறது என்று கண்ணில் கண்டதைச் சொல்லலாம். கூட உட்கார்ந்து நாமும் சாப்பிட்டுக்கொண்டு வேறெதையாவது பேசலாம். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டால் அந்த வாக்கை மட்டும் கொடுக்க வேண்டாம்: மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ரத்த வாந்தி, சாக வேண்டும் என்ற பேச்சு இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. ரொம்ப நாள் கிடந்தவளுக்கு அன்போடு ஒரேயடியாக விருந்து வைத்தாலும் ஆபத்து. உடலின் உப்புகள் திடீரென்று சரிந்து உயிர் போகலாம். 1945இல் முகாம்களிலிருந்து விடுபட்டவர்களில் சிலர் அப்படிச் செத்திருக்கிறார்கள். எவ்வளவு, எப்படி என்று மருத்துவர் சொல்லவேண்டும். சின்ன வயசுப் பெண்களுக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறை, பெற்றோரைக் குற்றவாளியாக்காமல் அவர்களையே வைத்தியத்தின் பங்காளியாக்குகிறது. இதைக் கேட்டபோது தோழியின் அம்மா அழுதார். அதுவரை எல்லோரும் அவரைத்தான் திட்டியிருந்தோம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே மனநல மருத்துவர் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஆறு மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை பழையபடி ஆயிற்று. அப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் முட்டையும், சாயங்காலம் கடலை உருண்டை. தறிக்குப் போகவில்லை, அப்பா கோர்வைக்குக் கூலி கொடுத்து வேறு ஆள் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை விரதத்தை மருத்துவர் நிறுத்திவிட்டார். அவளுக்குப் பதிலாக இப்போது அம்மா இருக்கிறார்.